ஓடாத ரயிலில் ஒரு வாரம்

நவம்பர் 27, 2025, வியாழன்

நான் வழக்கமாக எழுதுவது கோயில், குளம், சாப்பாட்டுக்கடை, பஸ் காசு. இந்த முறையும் அப்படித்தான் நினைத்து வந்தேன். அக்காவின் மகன், எங்கள் வழக்கில் சொன்னால் என் பெறாமகன், வெளிநாட்டில் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். வீசாவுக்குக் கைரேகை கொடுக்க அவனைக் கொழும்புக்குக் கூட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது. பத்தொன்பது வயது. தனியே வந்து போகக்கூடியவன்தான், அக்காதான் விடவில்லை. உயர்தரப் பரீட்சை நடப்பதால் எனக்கும் பள்ளிக்கூடம் லீவு.

கைரேகை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மிச்ச நாள் முழுக்க மழை. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பியின் ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் லண்டனில். ஐந்தாம் மாடி. யன்னலைத் திறந்தால் முதலில் கரையோர ரயில்பாதை, அப்பால் கடல். இன்று கடலும் வானமும் பழைய அலுமினியச் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஒரே நிறம். செட்டியார் தெரு, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் எல்லாம் அடுத்த பயணத்துக்கு.

நாளை காலை யாழ்ப்பாணத்துக்கு ரயில். டிக்கெட் கையில் இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

ரயில் இல்லை.

விடிய ஐந்தரைக்கே கோட்டை நிலையத்துக்குப் போய்விட்டோம். முன்மண்டபத்தில் நிற்க இடமில்லை. தித்வா சூறாவளி, வெள்ளம், மலைநாட்டில் மண்சரிவு, ஆகையால் சேவைகள் இல்லை என்று ஒலிபெருக்கி சொன்னது. தமிழ் அறிவிப்பு வந்து சேருவதற்குள் சனத்தின் முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கிவிட்டது.

தூண் ஒன்றின் அடியில் ஒரேயொரு பிளக். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் சார்ஜ் இறங்கிய போன். நான் பைகளுக்குக் காவல் இருந்தபடி கண்டது இவ்வளவுதான். நீலக் கம்பளிச் சுவெட்டர் போட்ட ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்காகத் தன் போனைக் கழற்றினாள். என் பெறாமகன் தன் பவர் பேங்கை நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு வயரின் நுனியை மட்டும் வாங்கினாள். வயர் அரை மீட்டர்கூட இருக்காது. ஆகவே அவள் போய் உட்கார்ந்த வாங்குக்கு இவனும் போகவேண்டி வந்தது.

வாங்கில் அவளுடைய அம்மாயி, அம்மாவின் அம்மா. கறுப்புக் கண்ணாடி, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. கண்ணில் புரை எடுத்து இரண்டு நாள். நேற்று இரவே ஊருக்குப் போக வந்தவர்கள், மலைநாட்டு ரயில் இல்லாமல் அந்த வாங்கிலேயே இரவைக் கழித்திருக்கிறார்கள். கொழும்பில் சுவெட்டரா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் எங்களுடையவன் டீசேர்ட்டில் வெடவெடக்கிறான். யாழ்ப்பாணத்து வாடைக்குப் பழகிய உடம்பு என்று பெருமை பேசுகிறவன்.

அரைமணித்தியாலம் கழித்து வந்தான்.

“சித்தி, அவையளுக்குப் போக இடமில்லையாம். தெரிஞ்ச வீடு வெல்லம்பிட்டியிலயாம், அங்கை தண்ணி ஏறுதாம். வீட்டை கூட்டிக்கொண்டு போவமா?”

எனக்கு உடனே வாய் வரவில்லை. ஃபிளாட் எங்களுடையது இல்லை என்றேன். முன்பின் தெரியாத ஆட்கள் என்றேன். அப்புறம் எழுந்து போய் அந்தப் பிள்ளையிடம், “எந்த ஊர்?” என்று கேட்டேன். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டம் என்றாள். அதற்கு மேலும் ஒரு கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது, கேட்கவில்லை. அம்மாயி நான் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளித் திரும்பி, “நாங்க இங்கனயே இருந்துக்குவோம்மா, நீங்க போயிட்டு வாங்க” என்றார். தலை குனியக் கூடாது, தூசி படக் கூடாது என்று எழுதிக் கொடுத்த கண் ஆஸ்பத்திரித் துண்டு அவர் மடியில் இருந்தது. அதைத் தூசி படாமல் இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தார்.

நாலு பேரும் மூன்று பையும் ஒரு ஓட்டோவில். காலிமுகத்திடலைத் தாண்டும்போது அலையின் தூவானம் உள்ளே அடித்தது. பெறாமகன் சாரதிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி வந்தான். வெள்ளவத்தையில் இறங்கும்போது அவன் தலையில் அம்மாயியின் தொப்பி.

நவம்பர் 29, சனி

இரவு முழுக்கக் காற்று. யன்னல் கண்ணாடி இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்தோம்.

படுக்கை ஏற்பாடு: அறையில் கட்டிலில் அம்மாயி, கீழே பாயில் நானும் பிள்ளையும். அவன் மண்டபத்தில், கதவுக்கு வெளியே. இதை ஏன் எழுதுகிறேன் என்றால் அக்கா இதை வாசிப்பாள்.

காலையில் தேத்தண்ணி போடப் பிள்ளை முந்திவிட்டாள். டின்னைத் திறந்து இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, “டஸ்ட்டு. பழசு” என்றாள். நாலு வருடமாக லண்டன்காரரின் அலுமாரியில் இருந்த தேயிலை. ஆனாலும் அவள் போட்டது நன்றாக இருந்தது. நான் போடுகிற மாதிரிக் கொதிக்கவிடாமல், ஊற்றி, மூடி, எண்ணிக்கொண்டு நின்றாள். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா இல்லை. பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுப் பார்த்திருக்கிறாள். 2023இல், மலையக மக்கள் இந்தியாவில் இருந்து வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் கடைசி நாள் இவளும் நடந்திருக்கிறாள். அந்த நடைபயணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போது நானும் நினைத்தேன். மன்னார் எங்களுக்குப் பக்கம்தான். போகவில்லை.

களனி ஆறு பெருகுகிறது. ஆற்றை அளக்கும் நாகலகம் வீதியில் தண்ணீர் எத்தனை அடி என்று மாடிப்படியில் ஆளுக்காள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தால் கொழும்புக்கே குழாய்த்தண்ணீர் இல்லை என்ற செய்தி வந்ததும் கட்டிடம் முழுக்க வாளிச் சத்தம். நாங்களும் வாளி, சட்டி, ரைஸ் குக்கர், பூச்சாடி எல்லாவற்றையும் நிரப்பினோம். அவன் குளியலறையில் நிரப்பிக் கொடுக்க, அவள் குசினிக்குக் காவினாள். ஒரு வாளிக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று தெரியவில்லை.

“தித்வா எண்டு யேமன் நாடுதான் பேர் வைச்சது. சொகோத்ரா தீவிலை அப்பிடி ஒரு கடலேரி இருக்காம். வடிவான இடமாம்.”

“ஓ… பேரு வச்சவங்கள ஒருக்கா இங்க வந்து பாக்கச் சொல்லுங்க.”

அவன் சிரித்த சிரிப்புக்கு அந்தப் பகிடி தாங்காது.

மத்தியானம் அக்கா எடுத்தாள். கலா ஓயாவில் பஸ் ஒன்று வெள்ளத்தில் மாட்டுப்பட்டு, அதில் வந்தவர்கள் வீட்டுக் கூரையில் இரவைக் கழித்து, கடற்படை போய் மீட்ட கதையைச் சொல்லி, பஸ்ஸில் ஏறவே கூடாது என்றாள். பின்னால் அம்மாயி இருமியது அவளுக்குக் கேட்டுவிட்டது.

“ஆரது?”

“தெரிஞ்ச ஆக்கள்.”

“எவடத்து ஆக்கள்?”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. களனிக்கரை, கொலன்னாவைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். இங்கே காலி வீதியில் சைவக்கடை திறந்திருக்கிறது, வடை சுடுகிறது. ஒரே நகரத்தில் இது இரண்டும்.

பிள்ளைக்கு அம்மாவின் லைன் கிடைக்கவில்லை. வியாழன் மத்தியானம் பேசியது கடைசி. கொத்மலை இருக்கும் நுவரெலியா மாவட்டத்தில் பெரும்பகுதிக்கு மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அவள் இதை எங்களிடம் பெரிதாகச் சொல்லவில்லை. இரவில் பாயில் படுத்துக்கொண்டு போர்வைக்குள் போனை அமுக்குவாள், போர்வை நீலமாக வெளிச்சம் போடும், அணையும்.

காலையில் பாண் வாங்க இரண்டு பேரும் போனார்கள். பாண்கடை ஐந்து நிமிட நடை. ஒரு மணித்தியாலமாகியும் காணவில்லை. நான் இறங்கிப் போனேன். போனது தேடவா வேவு பார்க்கவா என்று அக்கா கேட்டால் தேட என்று சொல்வேன்.

வெள்ளவத்தை ரயில் நிலைய மேடையில் இருந்தார்கள். ரயிலைக் காத்து ஒரு குருவியும் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருங்கல்லில் அலை ஏறி இறங்குகிறது. இரண்டு பேருக்கும் நடுவில் பாண், மடியில் அவனுடைய போன். அவளுடைய போனில் காசு முடிந்திருக்க வேண்டும். அவன் பெருவிரலால் அமுக்குவான், ஸ்பீக்கரில் போடுவான், இரண்டு தலையும் குனியும். நீங்கள் அழைத்தவரைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று அந்தப் பெண்குரல் சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும். உடனே இல்லை, அறுபது வரை எண்ணிவிட்டு மறுபடி. எண்ணுகிறது அவள். நான் பின்னால் நின்று நாலு தடவை பார்த்தேன். ஐந்தாம் தடவை அந்தக் குரல் தமிழுக்கு வந்ததும் அவளும் கூடவே அதே இழுவையில் சொன்னாள். ஆறாம் தடவை அவனும் சேர்ந்துகொண்டான். “முடியாது” என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே முகத்தைச் சுவெட்டர் கையில் புதைத்தாள்.

அவன் தொடவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன். நசுங்கிய பாண் பத்தரைக்கு வீடு வந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அம்மாயி மட்டும், “கியூவாப்பா?” என்றார். “ஆமா” என்றான் எங்கள் பிள்ளை. ஓம் என்று சொல்லவே இல்லை. மூன்று நாளில் ஒரு ஊர்ப் பேச்சு.

டிசம்பர் 1, திங்கள்

லைன் கிடைத்தது. இரவு 7:20.

அந்த நேரம் பிள்ளை அம்மாயிக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். சொட்டு விட்டால் ஐந்து நிமிடம் அசையக் கூடாது, பிடித்திருக்கிறவளும் நகர முடியாது. மண்டபத்தில் அவன்தான் பழக்கத்தில் அமுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து நின்றான். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தமும் அதற்குள் ஒரு பெண்குரலும்.

“அலோ… யாருங்க?”

“நான்… நான் கொழும்பிலயிருந்து…”

“யாருங்க பேசுறது?”

அவன் வாயைத் திறந்தபடி நின்றான். தான் யார் என்று சொல்ல அவனிடம் ஒரு சொல்லும் இல்லை. பிறகு போனை ஏந்திக்கொண்டு அறைக்குள் ஓடினான். ஓடும்போது வாளியைத் தட்டிவிட்டு, மண்டபம் முழுக்க நாங்கள் சேர்த்த தண்ணீர்.

அம்மாவும் தம்பியும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இவர்களுடைய காம்பரா, லயம் என்ற வரிசைவீட்டில் ஒரு அறை, நிற்கிறது. மேல் லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்து இரண்டு காம்பரா மண்ணுக்குள். பிள்ளை “யாரு யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாயி மூடின கண்ணோடு கையைக் கும்பிட்டார். நான் தரையைத் துடைத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இறந்தவர் தொகை நானூறைத் தாண்டிவிட்டது. பெறாமகனுக்கும் பிள்ளைக்கும் இடையில் இன்று பேச்சே இல்லை. அவள் யன்னலடியில் இருந்தாள். அவன் அவளுக்கும் யன்னலுக்கும் இடைஞ்சல் இல்லாமல், பத்தடி தள்ளிச் சுவரோடு இருந்தான். மத்தியானம் அவளுக்குச் சோறு போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தான். வீட்டில் தன் கோப்பையைக் கழுவ எழும்பாதவன்.

அம்மாயியும் நானும் குசினியில் வெங்காயம் உரித்தோம். அவருக்கு வெங்காயம் ஆகாது என்றாலும் கேட்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டு உரிக்கிறார்.

“தம்பி நல்ல புள்ளம்மா.”

நான் ம் என்றேன்.

“எனக்கு ஒத்தக் கண்ணுதான் தெரியுது. அதுலயே தெரியுது.”

அதற்கும் ம்.

“ஒங்க பக்கம் எங்க புள்ளைங்கள வீட்டு வேலைக்குத்தானம்மா கூட்டிட்டுப் போவாங்க.”

கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். எனக்கு எட்டு வயது இருக்கும், அவளுக்குப் பன்னிரண்டு. குசினிக்குள் சாக்கு விரித்துப் படுப்பாள். எனக்குத் தலை இழுத்துப் பின்னி விடுவாள். ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய ஊர் எது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எல்லாரிடமும் எந்த ஊர் என்று கேட்கிற வீடு அது.

அம்மாயியிடம் இதைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் தொடங்கினேன். அவர் ஜனவரியில் இருந்து தோட்டத்து நாட்சம்பளம் 1,750 ரூபாய் ஆகும் என்று சொன்னதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். முதலில் தோட்டம் இருக்கவேண்டுமே என்றும் சொன்னார்.

டிசம்பர் 3, புதன்

அவிசாவளை வழியாக ஹட்டன் வரைக்கும் பஸ் போகிறதாம். அங்கிருந்து எப்படியாவது போவோம் என்று அம்மாயி காலையிலேயே பையைக் கட்டிவிட்டார். நாலு நாளைக்கான மருந்து, டோர்ச், பிஸ்கட், மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தோம். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தேயிலை டின்னின் மூடியைத் திறந்து அதற்குள் வைத்து, பழைய தேயிலையோடு பையில் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தை. சேறு, ஹோர்ன், நிவாரணப் பொதியோடு ஏறுகிற ஆட்கள். இடம் பிடித்துக் கொடுக்க அவன் முதலில் ஏறி இரண்டு சீட்டில் குறுக்கே படுக்காத குறை. அம்மாயியை ஏற்றி உட்காரவைத்தபின் தொப்பியைக் கழற்றி நீட்டினான். “ஒங்களுக்குத்தான் குளிருது, வச்சுக்குங்க” என்றார் அவர். பிள்ளை யன்னல் பக்கம். பவர் பேங்க் அவள் மடியில் இருந்தது. வயரும் இருந்தது.

“சார்ஜ் போட்டு வையுங்கோ.”

“ம்.”

“போய்ச் சேர்ந்ததும்…”

“எங்கம்மா நம்பர்தான் ஒங்ககிட்ட இருக்கே.”

“ஓம்.”

“ஓமா?” என்று கேட்டுச் சிரித்தாள். வந்த நாளுக்குப் பிறகு, பற்கள் தெரிய. பஸ் எடுத்துவிட்டது. அவன் கையாட்டவில்லை. மழைக்கோட்டுப் பைகளுக்கு நடுவில் நின்று, பஸ் ஒல்கொட் மாவத்தைக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, “சித்தி, பசிக்குது” என்றான்.

பொழுதுபடக் கார்த்திகை விளக்கீடு. வெள்ளவத்தை வாசல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுட்டி விளக்கு, காற்றில் அணைந்து அணைந்து. ஐந்தாம் மாடியில் நாங்களும் இரண்டு வைத்தோம். இரவு பத்து மணி பஸ்ஸுக்குப் போகிறோம். அக்கா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள்.

டிசம்பர் 4, வியாழன். முறிகண்டி

விடியவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க பஸ் நிற்கிறது. இதை இறங்கி நின்றபடி போனில் எழுதுகிறேன். கச்சான் விற்கிற அம்மா இரண்டு சரை நீட்டினார். பெறாமகன் மூன்று வாங்கினான். ஆருக்கு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவன் போன் அடித்தது.

திரையை நானும் பார்த்துவிட்டேன். ‘அம்மா, கொத்மலை’ என்று பதிந்து வைத்திருக்கிறான். அவன் என்னைப் பார்த்தான். நான் விபூதி எடுக்கப் போனேன்.

இருட்டில் கம்பளித் தொப்பி மட்டும் தெரிகிறது. வீட்டு வாசலில் அக்கா முதலில் அதைத்தான் கேட்கப்போகிறாள்.

“ஆமா,” என்கிறான். “ஆமா… இல்ல, இன்னும் போகல. முறிகண்டி. நீங்க? நடந்தா? அம்மாயியும் நடந்தாங்களா?”

கொண்டக்டர் ஹோர்ன் அடிக்கச் சொல்கிறார். அவன் இன்னும் ஏறவில்லை.